கதவறிந்து தட்டுவோம்

(கோலமூடா மாவட்டத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் களைப்போடு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே பல செய்திகளைச் சொல்லி உங்களைக் களைப்படையச் செய்யாமல் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுவோம். தோட்டத்து லயத்தை விட்டுச் சுங்கைப்பட்டாணி போன்ற பட்டணத்துக்குக் குடிபோகும்போது, நம் வீட்டுத் தண்ணீருக்கும் குப்பைக்கும் கால்வாய்க்கும் யார் பொறுப்பு? அப்பொறுப்பை நிறைவேற்றச் செய்யும் வழி யாது? இதுவே நம் பேச்சின் பொருள்.

இன்று இல்லையேல் நாளை, இக்கேள்வி நம் ஒவ்வொருவர் வாசலுக்கும் வரும். 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டுத் தனியார் துறையில் ஓய்வு பெறும் குறைந்தபட்ச வயது 60 ஆகும். ஓய்வு பெற்றால் வேலையோடு வந்த வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டாலும் அதே நிலைதான். பிள்ளைகளோ தொழிற்சாலை வேலையை நாடிப் பட்டணத்தில் வீடு வாங்குகிறார்கள்.

தோட்டத்தில் நமக்கு ஒரே கதவுதான் உண்டு. குழாயில் தண்ணீர் வரவில்லையா, கூரை ஒழுகுகிறதா, மண்டோரிடமோ கிராணியிடமோ சொல்வோம். தீராவிட்டால் மேனேஜரிடம் போவோம். இது அவர்கள் மனமிரங்கிச் செய்யும் உதவியன்று; சட்டம் விதித்த கடமை. 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 446ஆம் சட்டம், தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகவும் போதுமான அளவிலும் வழங்க வேண்டும், போதுமான மின்சாரம் வேண்டும், வீடுகளைப் பழுது பார்த்து நன்னிலையில் வைக்க வேண்டும் என்று முதலாளிக்குக் கட்டளையிடுகிறது. 2019இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்த மாற்றங்கள், தோட்டம் அல்லாத பிற துறைத் தொழிலாளர்களின் தங்குமிடங்களையும் இச்சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தன. இக்கடமைகள் தவறும்போது முறையிட வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா.

இங்கே ஓர் ஐயம் எழலாம். சுங்கைப்பட்டாணி நகராண்மைக் கழகத்தின் எல்லை கோலமூடா மாவட்டம் முழுவதையும் உள்ளடக்கியது. பீடோங்கும் மெர்போக்கும் அதற்குள் அடங்கும். அவ்வாறிருக்கக் கழகம் நம் லயத்துக்கு ஏன் வருவதில்லை? தோட்டம் தனியார் நிலம். அதன் உட்சாலையும் சாக்கடையும் உரிமையாளரின் பொறுப்பு. வரைபடத்தில் நாம் நகராண்மைக் கழக எல்லைக்குள் இருந்தாலும், அதன் அன்றாடச் சேவை தோட்ட வாசலோடு நின்றுவிடுகிறது.

பட்டணத்துத் தாமானில் நிலைமை வேறு. அங்கே ஒரு கதவன்று, பல கதவுகள் உள்ளன. இதை அறியாமல் நம்மவர் படும் இடர்ப்பாடு கொஞ்சமன்று. வீட்டு முன்னுள்ள கால்வாய் அடைத்துக்கொள்கிறது. குடும்பத் தலைவர் ஒரு நாள் வேலையையும் கூலியையும் இழந்து ஏதோ ஓர் அலுவலகத்துக்குச் செல்கிறார். “இது எங்கள் வேலையன்று” என்கிறார்கள். மனம் கசந்து திரும்புகிறார். மறுபடி எங்கும் போவதில்லை. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும். அடைபட்ட கால்வாயிலும் வீசியெறிந்த தகரக் குவளையிலும் தேங்கிய நீரில் அது பெருகுகிறது. அந்த வீட்டுக் குழந்தைக்கே டெங்கிக் காய்ச்சல் வந்தால் இழந்த கூலியோடு துயரம் நின்றுவிடுமா?

ஆகவே கதவுகளை ஒவ்வொன்றாக அறிவோம்.

முதலாவது, நகராண்மைக் கழகம். கடைகளுக்கும் அங்காடிகளுக்கும் உரிமம் வழங்குதல், கட்டடத் திட்டங்களுக்கு ஒப்புதல் தருதல், தாமான்களின் சாலைகளையும் கால்வாய்களையும் பழுது பார்த்தல், பூங்காக்களைப் பேணுதல் ஆகியவை அதன் பணிகள்.

இரண்டாவது, குப்பை. பலரும் இதனைக் கழகத்தின் வேலை என்றே எண்ணுகிறார்கள். முன்னர் அவ்வாறுதான் இருந்தது. 2007ஆம் ஆண்டின் 672ஆம் சட்டம் 2011 செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்ற மாநிலங்களுள் கெடாவும் ஒன்று. அது முதல் வீட்டுக் குப்பையை அகற்றுவதும், பொதுச் சாலைகளைக் கூட்டுவதும், கால்வாய்களில் சேர்ந்த அழுக்கை வாருவதும், சாலையோரப் புல்லை வெட்டுவதும் எஸ்.டபிள்யூ.கார்ப் என்னும் கூட்டரசுக் கழகத்தின் மேற்பார்வையில் நடைபெறுகின்றன. கெடாவில் இவ்வேலையைச் செய்யும் குத்தகை நிறுவனம் இ-ஈடாமான். எனவே கால்வாயில் குப்பை அடைத்தால் ஒரு கதவு. அதே கால்வாயின் சுவர் இடிந்தால் வேறு கதவு!

குப்பையில் நமக்கும் கடமை உண்டு. வாரத்தில் இரு முறை சமையற்கட்டுக் குப்பையும், ஒரு முறை மறுபயனீட்டுப் பொருள்களும் பெரிய பொருள்களும் எடுக்கப்படுவது முறை. காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம் ஆகியவற்றைத் தனியே பிரித்து வைக்கும் கட்டாயம் 2015 செப்டம்பரில் தொடங்கியது. 2016 ஜூன் முதல் மீறுவோர்க்குத் தண்டம் விதிக்கும் நடவடிக்கையும் வந்தது.

மூன்றாவது, தண்ணீர். கெடாவில் அது சாடா நிறுவனத்தின் பொறுப்பு. நான்காவது, மின்சாரம், தெனாகா நேஷனலைச் சார்ந்தது. ஐந்தாவது, கழிவுநீர். முன்னர் நகராண்மைக் கழகங்கள் செய்த இவ்வேலை 1994 முதல் படிப்படியாக இண்டா வாட்டர் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பட்டணத்துக்குப் பட்டணம் செல்லும் பெருஞ்சாலை பொதுப்பணி இலாகாவினுடையது. ஆறும் பெருவாய்க்கால்களும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவைச் சேர்ந்தவை.

இனி வரியைப் பற்றிச் சிறிது பேசுவோம். வீடு வாங்கியவர் இரண்டு வரிகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சுக்காய் தானா எனப்படும் நில வரி மாநில அரசுக்குரியது. நில அலுவலகத்தில் செலுத்துவது. சுக்காய் பிந்து என்று நாம் வழங்கும் மதிப்பீட்டு வரி நகராண்மைக் கழகத்துக்குரியது. பின்னது ஆண்டுக்கு இரு தவணை: முதல் தவணை பிப்ரவரி இறுதிக்குள், இரண்டாவது ஆகஸ்டு 31ஆம் நாளுக்குள்.

அது எவ்வாறு கணக்கிடப்படுகிறது? வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கக்கூடிய தொகையே அதன் ஆண்டு மதிப்பு. எடுத்துக்காட்டாக, மாதம் 500 வெள்ளி வாடகை பெறத்தக்க வீட்டின் ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி. வரி விகிதம் 10 விழுக்காடு எனக் கொண்டால் ஆண்டு வரி 600 வெள்ளி. ஒரு தவணைக்கு 300 வெள்ளி. ஆண்டு மதிப்பின்மீது வரி விதிக்கும்போது விகிதம் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் வரம்பு கட்டியுள்ளது. மதிப்பீடு மிகுதி என்று கருதினால், மறுபரிசீலனைக்குக் குறித்த நாளுக்குப் 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். அறிவிப்புக் கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரிமேல் போட்டு வைப்பவர் இந்த உரிமையை இழக்கிறார்.

வரி பாக்கி வீட்டைப் பற்றி நிற்பது. பழைய வீட்டை வாங்குவோர், விற்பவரிடம் கடைசி வரி ரசீதைக் கேட்டு வாங்குதல் வேண்டும். வீடு கைமாறிய மூன்று மாதத்துக்குள் கழகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டும். பாக்கி வளர்ந்தால் வீட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்யவும், முடிவில் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவரவும் சட்டத்தில் இடமுண்டு. சேமநிதிப் பணத்தைக் கொட்டி வாங்கிய வீடு சில நூறு வெள்ளி பாக்கியால் ஆபத்துக்குள்ளாகலாமா?

புதிய வீடு வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாமான் கட்டி முடிந்த உடனே சாலையும் கால்வாயும் கழகத்தின் பொறுப்பில் வந்துவிடுவதில்லை. மேம்பாட்டு நிறுவனம் அவற்றை முறையாக ஒப்படைத்து, கழகம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை பழுதுக்கு நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். ஆகவே முன்பணம் கட்டுமுன், “சாலை ஒப்படைக்கப்பட்டதா?” என்று கழக அலுவலகத்தில் விசாரியுங்கள். சி.சி.சி. எனப்படும் கட்டட நிறைவுச் சான்றிதழ் உண்டா என்றும் பாருங்கள்.

இந்த ஊராட்சி முறை உருவானதில் நம்மவர் ஒருவரின் உழைப்பும் கலந்துள்ளது. ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டபோது, மேற்கு மலேசிய ஊராட்சிகளை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் அவ்வாணையம் தன் அறிக்கையை முடித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. எனினும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையை மேற்கொண்டது. இன்று தலைவர் நீங்கலாக 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது.

நாம் வாக்களிக்கவில்லையே, நமக்கென்ன உரிமை என்று ஒதுங்கிவிடக் கூடாது. கழகத்தின் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்று அதே சட்டம் கூறுகிறது. உங்கள் வட்டாரத்துக்குப் பொறுப்பான உறுப்பினர் யாரென்று கேட்டறிவது உங்கள் உரிமை. தனி ஆளாய்ச் செல்வதைவிடக் குடியிருப்போர் சங்கம் வழியாகவோ, 1975இல் தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்கா வழியாகவோ செல்வது மேலும் பலன் தரும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். புகாரை வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். நாள், இடம், குறை ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுங்கள். புகார் எண்ணைக் கேட்டுப் பெறுங்கள். நகலையும் வரி ரசீதுகளையும் ஒரே உறையில் வையுங்கள். மலாய்மொழியில் எழுதத் தயக்கமா? பள்ளியில் பயிலும் உங்கள் மகனோ மகளோ எழுதித் தரட்டும். அவர்களுக்கும் அது ஒரு குடிமைப் பாடமாக அமையும்.

தோட்டத்தில் ஒரு கதவைத் தட்டிப் பழகிய கைகள் நம்முடையவை. பட்டணத்தில் கதவுகள் பல. ஆயினும் எதுவும் நமக்கு அந்நியமன்று. கதவறிந்து தட்டுவோம், ஒரு முறை திறவாவிடில், எழுதிய தாளோடு மறுமுறையும் தட்டுவோம்.