பிறிட்ஜ் ஆட்டத்தில் வழி தேர்தல்

சீட்டாட்டம் என்றதும் அதிர்ஷ்டத்தின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவோர் பலர். கைக்கு வரும் சீட்டு அதிர்ஷ்டத்தின்பாற்பட்டதே. ஆனால், வந்த சீட்டை எவ்வொழுங்கில் ஆடுவது என்பது அறிவின்பாற்பட்டது. 1925ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹரல்ட் வாண்டர்பில்ட் வகுத்த கணக்குமுறையால் உருப்பெற்ற ஒப்பந்த பிறிட்ஜ் இவ்வுண்மைக்கு நல்ல சான்றாகும்.

ஏலம் முடிந்து, முதற்சீட்டு விழுந்து, டம்மியின் சீட்டுகள் மேசையில் விரிக்கப்பட்டதும், ஆட்டத்தை நடத்துபவர் 52 சீட்டுகளில் 26ஐக் காண்கின்றார். அவர் செய்யவேண்டிய முதல் வேலை சீட்டை இறக்குவதன்று, எண்ணுவது.

ஓர் உதாரணம் கொள்வோம். துரும்பில்லாமல் ஒன்பது பிடி எடுப்பதாக ஒப்பந்தம். இடப்புற எதிரி கிளாவரில் தொடங்குகின்றார். ஆட்டத்தை நடத்துபவரிடம் கிளாவரில் ஆசு மட்டுமே உண்டு. அதனை மூன்றாஞ் சுற்றில் எடுக்கின்றார். அவ்வெதிரியிடம் இன்னும் இரு கிளாவர்கள் காத்திருக்கின்றன. டயமனில் மூன்று, டம்மியின் ஆர்ட்டினில் மூன்று, இஸ்பேட்டு ஆசு ஒன்று, கிளாவர் ஆசு ஒன்று. ஆக எட்டுப் பிடிகள் உறுதி. ஒன்பதாவது எங்கே?

வழிகள் இரண்டு. அவர் கையில் இஸ்பேட்டு ஆசும் ராணியும் உள்ளன. டம்மியிலிருந்து இஸ்பேட்டை ஆடி ராணியைப் போடலாம். ராசா வலப்புற எதிரியிடமிருந்தால் வெற்றி. இதுவே பினெஸ், வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 50. மற்றது, டம்மியில் ஆசு, ராசா, ராணியோடுள்ள நான்காம் ஆர்ட்டின். எதிரிகளின் ஆறு ஆர்ட்டின்களும் மூன்று மூன்றாகப் பிரிந்திருந்தால் அச்சிறு சீட்டும் பிடியாகும். ஆறு சீட்டுகள் சமமாகவே பிரியும் என எண்ணுவது இயல்பு. உண்மையில் அவை நான்கும் இரண்டுமாகப் பிரிதலே அதிகம், நூற்றுக்கு 48. சமமாகப் பிரிதல் 36 அளவே.

அவ்வாறாயின் 50ஐ விட்டு 36ஐ நாடுவது பேதைமையன்றோ? அன்று. பினெஸை முதலில் ஆடி அது தவறினால், இடப்புற எதிரி ராசாவால் பிடித்து, கிளாவர்களையும் எடுத்துவிடுவார். ஒப்பந்தம் முறிந்துவிடும், ஆர்ட்டினைச் சோதிக்க வேளையே இராது. ஆர்ட்டினின் முதல் மூன்று பிடிகளோ எவ்வாறாயினும் அவருடையவை. அவற்றை ஆடுகையில் ஆட்டம் கைமாறுவதில்லை. ஆர்ட்டின் சமமாகப் பிரிந்தால் ஒப்பந்தம் நிறைவேறியது. பிரியாவிட்டால், டம்மியிலிருந்தவாறே இஸ்பேட்டை ஆடிப் பினெஸை நாடலாம். இரண்டும் சேர்ந்து வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 68 ஆகின்றது. இவ்வொழுங்கில் ஆடித் தோற்றால் இழப்பு ஒரு பிடி கூடலாம். ஒப்பந்தத்தின் பெறுமதிக்கு முன் அது சிறிதே.

ஆகவே, தவறினாலும் ஆட்டத்தைக் கைமாற்றாத வழியை முதலிலும், கைமாற்றக்கூடிய வழியை இறுதியிலும் வைத்தல் வேண்டும். இவ்வாறு ஆடியும் நூற்றில் 32 தடவை தோல்வி நேரும். அதனால் வழி பிழையாகிவிடாது. சீட்டுகள் கிடந்த கிடை ஆட்டக்காரரின் பொறுப்பன்று. தெரிந்தெடுத்த வழியே அவருடைய பொறுப்பு.