பெற்றோருக்குப் புரியவில்லை



பன்னிரண்டு வயது இயேசுவை எருசலேம் கோவிலில் மரியாவும் யோசேப்பும் தேடிக் கண்டுபிடித்த நிகழ்வை நாம் அறிவோம். போதகர்கள் நடுவே அமர்ந்து அவர் கேட்டுக்கொண்டும் கேள்வி எழுப்பிக்கொண்டும் இருந்தார். மகன் சொன்ன பதில் பெற்றோருக்குப் புரியவில்லை என்பதை நற்செய்தியாளர் லூக்கா மறைக்காமல் எழுதுகிறார் (லூக் 2:50).

கடத்தூர்ப் பக்கத்து வீடுகளில் இது நமக்குப் பழகிய நிலைதான். "நாங்களே கைநாட்டு, சாமி. பிள்ளை படிப்பைப் பத்தி எங்களுக்கு என்ன தெரியும்?" என்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் நம் தருமபுரி. பெண்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அமெரிக்காவில் 1966-இல் கோல்மன் என்பவர் தலைமையில் வெளிவந்த அறிக்கை, பிள்ளையின் படிப்பில் பள்ளியைவிடக் குடும்பப் பின்னணியே பெரிது என்றது. படிக்காத பெற்றோர் கேட்டால் மனம் ஒடிந்துபோகும். ஆனால் 1983-இல் ஹைன்மன், லாக்ஸ்லி என்ற இருவர் 29 நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏழை நாடுகளில் பள்ளியும் ஆசிரியரும்தான் பிள்ளைக்கு அதிகம் தருகிறார்கள் என்று கண்டார்கள். பின்னால் வந்த சிலர் இதை மறுத்ததும் உண்டு. என்றாலும் நம் ஊர் நிலைக்கு இது பொருந்துவதாகவே தோன்றுகிறது.

அப்படியானால் நம் கையில் இருப்பது பாடம் சொல்லிக்கொடுப்பது அல்ல, பிள்ளையைப் பள்ளியில் இருக்கவிடுவது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும்போது பிள்ளையையும் பாதிப் படிப்பில் கூட்டிப்போகிறோம். மகனுக்கு வேன் வைத்து இங்கிலீஷ் பள்ளி. மகளுக்குத் தண்ணீர்க் குடமும் தம்பியும். பத்தாவது முடிந்ததும் "நல்ல இடம் வந்திருக்கு" என்கிறோம். ஒரே பானைச் சோறு தின்னும் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வாழ்க்கையை எழுதுவது அரசாங்கம் அல்ல, நாம்தான்.

18 வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம். அதற்கு நாம் ஓலை வாசிக்கவும் மாட்டோம், மந்திரிக்கவும் மாட்டோம். இதில் கோபித்துக்கொண்டு பயனில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. பெண்பிள்ளையைப் படிக்கவைக்கக் காசில்லை என்று சொல்லும் முன் இதை விசாரிப்போம்.

பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபரில் அறிவித்தது. (நம் மாவட்டம் பிறந்ததும் அதே மாதத்தில்தான்.) மரியாவுக்குப் பதில் புரியவில்லை, ஆனாலும் அவர் மகனிடம் கேட்டார், கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டார். "இன்னைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்க நமக்கு எழுத்து தெரியவேண்டியதில்லை. பெங்களூரில் இருந்தால் இரவில் போனில் கேட்கலாம். பிள்ளையை வளர்க்கும் பாட்டியையும் கேட்கச் சொல்லலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், ஒருநாள் கூலி போனாலும் போய் உட்காருவோம்.