“மருந்து கேட்கிறது” என்றால் என்ன?



நான்காம் கட்டப் புற்றுநோய் உள்ளவரிடம் டாக்டர், “மருந்து நன்றாகக் கேட்கிறது” என்கிறார். கட்டி வளராமல் நிற்கிறது என்பதே அவர் சொல்ல வந்தது. நம் காதிலோ “குணமாகிவிடும்” என்று விழுகிறது. காய்ச்சலுக்கு மருந்து கேட்டால் காய்ச்சல் போய்விடுமே!

மொழிபெயர்ப்பு என் தொழில். ஆனால் இது தமிழ்ச் சொல்லால் மட்டும் வரும் குழப்பமல்ல. 2016இல் சிங்கப்பூரில் தொடங்கிய டியூக்-என்யுஎஸ் ஆய்வில், நான்காம் கட்டப் புற்றுநோய் உள்ள 600 பேர் பங்கேற்றார்கள். தங்கள் சிகிச்சையால் நோய் முழுமையாகக் குணமாகாது என்பது அவர்களில் பலருக்குத் தெரியவில்லை.

தேக்காவில் கத்தரிக்காய் வாங்க இரண்டு கடை விசாரிப்போம். டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்கத் தயங்குகிறோம். உடன் வரும் மகனும் சில சொற்களை விழுங்கிவிடுவார். பாசம்தான். ஆனாலும் இன்னொரு சுற்று கீமோ எடுப்பதா, ஊருக்குப் போய் அக்காவைப் பார்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்.

நேராகவே கேளுங்கள்: “இந்தச் சிகிச்சை நோயைப் போக்குமா, கட்டுக்குள் வைக்குமா? எடுக்காவிட்டால் எப்படி இருப்பேன்?” தமிழ் பேசும் ஊழியர் வேண்டும் என்றும் சொல்லலாம்.

வலியையும் மூச்சுத்திணறலையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பைச் சிகிச்சையோடு சேர்த்தே பெறலாம். உங்கள் விருப்பங்களை முன்கூட்டிய பராமரிப்புத் திட்டத்தில் பதிவு செய்யலாம். மனம் மாறினால், அதையும் மாற்றலாம்.