மேலதிகாரியின் ஒப்புதல்

அலுவலகங்களில் ‘ஒப்புதல்’ என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் வழங்குகிறது. கீழிருந்து வரும் கோப்பில் மேலிருப்பவர் கையொப்பம் இடுவதே ஒப்புதல். அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. தாம் செய்த தவற்றையோ, தமக்குத் தெரியாத ஒன்றையோ, தம் உள்ளத்திலுள்ள ஐயத்தையோ ஒருவர் பிறர் முன்னிலையில் ஏற்றுச் சொல்வதும் ஒப்புதலே. முதல்வகை ஒப்புதலை நாள்தோறும் வழங்கும் நிர்வாகிகள் இரண்டாவதை வழங்கத் தயங்குகின்றனர். அத்தயக்கம் நியாயமானதா, எந்த அளவுக்கு அதை விடலாம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொன்னால் நாற்காலியின் உயரம் குறைந்துவிடும் என்பது அதிகாரிகளின் அச்சம். அது முற்றிலும் பொய்யன்று. நாமும் அதற்கு ஓரளவு காரணமாகிறோம். தலைவர் எல்லாம் அறிந்தவராக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர் தடுமாறினால் தேநீர்க் கடையில் நின்று அதைப் பேசி மகிழ்கிறோம். ஆயினும் குறையை மறைப்பதனால் விளையும் கேடு, குறையைச் சொல்வதனால் விளையும் இழுக்கைக் காட்டிலும் பெரிது. நம் நாட்டின் விண்வெளி முயற்சியில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்று.

1979ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 என்னும் ஏவுகலம் முதன்முறையாகச் செலுத்தப்பட்டது. அத்திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாம். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் பேராசிரியர் சதீஷ் தவான். நான்கு அடுக்குகளும் ஏறக்குறைய 17 டன் எடையும் கொண்ட அக்கலத்தின் முதல் அடுக்கு செவ்வனே இயங்கிற்று. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதுற்றது. புறப்பட்ட 317 விநாடிகளில் பல்லாண்டு உழைப்பு வங்கக் கடலில் விழுந்தது.

அன்று செய்தியாளர்களின் கேள்விக் கணைகளைத் தவானே முன்னின்று ஏற்றார். தோல்வியைத் தோல்வி என்றே கூறி, தம் குழுவினர்மீது தமக்குள்ள நம்பிக்கையையும் தெரிவித்தார். கலாம் பிற்காலத்தில் மேடைதோறும் இதை நினைவுகூர்ந்தார். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்து நடந்த ஆய்வுக் கூட்டம். பழுதின் காரணத்தைப் பொறியாளர்கள் விளக்கி முடித்தபின் கலாம் எழுந்தார். ஏவுவதற்குச் சற்று முன்னர் அமிலக் கசிவு ஒன்று கண்டறியப்பட்டதையும், அதைப் பொருட்படுத்தத் தக்கதன்று எனத் தாம் மதிப்பிட்டதையும் கூறி, ஏவுதலைத் தாம் நிறுத்தியிருக்க வேண்டும் என்றும், தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றும் ஏற்றுக்கொண்டார். தம் வாழ்க்கை வரலாற்று நூலான ‘அக்னிச் சிறகுக’ளில் இதை அவரே பதிவு செய்திருக்கிறார். அவை நெடுநேரம் மௌனமாயிற்றாம். பின்னர்த் தவான் எழுந்து, கலாமையே சுற்றுப்பாதையில் ஏற்றிவிடப் போவதாகச் சொல்லிக் கூட்டத்தை முடித்தாராம்.

இவ்வொப்புதலின் அமைப்பை நோக்குங்கள். ‘நான் தகுதியற்றவன்’ என்று அவர் தம்மைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. எந்த நாளில், எந்த முடிவில் பிழை நேர்ந்தது என்று குறிப்பாகச் சொன்னார். ஆராய்ச்சிக்குப் பதிலாக அன்று, ஆராய்ச்சி முடிந்த பிறகே அதைச் சொன்னார். எவரிடமும் ஆறுதல் வேண்டவில்லை. அவர் சொல்லி முடித்ததும், வால்வைப் பொருத்தியவரும் கணிப்பொறியருகே அமர்ந்திருந்தவரும் தம்மீது பழி வருமோ என்று கலங்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது. 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், 35 கிலோகிராம் எடையுள்ள ரோகிணித் துணைக்கோளை அதே வகைக் கலம் சுற்றுப்பாதையில் செலுத்திற்று. அன்று செய்தியாளர்களைச் சந்திக்கும் பொறுப்பைத் தவான் கலாமிடம் விட்டுவிட்டார். வெற்றி நாளில் முன்வரிசைக்கு விரையும் தலைவர்களை நாம் ஏராளமாகக் கண்டிருப்பதால் இது வியப்பளிக்கிறது.

பேரிழப்புக்குப் பொறுப்பேற்றுப் பதவியையே துறப்பது வேறு. 1956ஆம் ஆண்டு நவம்பரில் அரியலூர் இரயில் விபத்துக்குப்பின் லால் பகதூர் சாஸ்திரி செய்தது அது. அன்றாட அலுவலில் வேண்டப்படுவது அதனினும் சிறியது; ஆனால் அடிக்கடி வேண்டப்படுவது. ‘இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்’ என்று பிரிவுத் தலைவர் ஒருவர் கேட்டால், அதே கணக்கு விளங்காத நால்வர் நிம்மதியடைகின்றனர்.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மருத்துவமனைகளில் மருந்து வழங்குவதில் நேரும் பிழைகளை அவர் ஆராய்ந்தார். சிறந்த தலைமையுடைய குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவானவையோ அவற்றில்தான் மிகுதி. நல்ல குழுக்கள் மிகுதியாகத் தவறு செய்யவில்லை, செய்ததை மறைக்காமல் சொல்லின என்பதே அவர் கண்ட விளக்கம். பிழையே இல்லாத பதிவேட்டைப் பெருமையுடன் காட்டும் நிர்வாகி இதைச் சிந்திப்பது நலம்.

இனி, அளவைப்பற்றிச் சொல்லவேண்டும். எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1966இல் தம் துணைவர்களுடன் ஒரு சோதனை நடத்தினார். வினாக்களுக்குத் திறம்பட விடையளித்த ஒருவர் தம்மீதே காப்பியைக் கொட்டிக்கொண்டபோது, அவரைக் கேட்டவர்களுக்கு அவர்பால் விருப்பம் கூடிற்று. விடையளிப்பதில் சாதாரணமானவர் அதே காரியத்தைச் செய்தபோது, இருந்த விருப்பமும் குறைந்தது. திறமை தெரிந்தபின் வரும் குறை மனிதரை நெருக்கமாக்குகிறது. திறமை தெரியுமுன் வரும் குறை ஐயத்தையே வளர்க்கிறது. புதிதாகப் பதவியேற்றவர் முதல் வாரத்திலேயே தம் இயலாமைகளை அடுக்குவது பொருந்தாது.

வேறோர் எல்லையும் உண்டு. அது பலரும் எண்ணிப் பாராதது. நண்பரிடம் நம் துயரைச் சொன்னால், கேட்க விருப்பமில்லாதவர் எழுந்து போகலாம். கீழ்நிலை ஊழியர் அவ்வாறு போக இயலாது. மேலதிகாரி தம் இல்லத்துப் பூசலையும் உறக்கமின்மையையும் விவரிக்கும்போது, அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டே தீரவேண்டும். ‘மகன் மருத்துவமனையில் இருக்கிறான், இன்று என் கவனம் சிதறலாம், கணக்குகளை இருமுறை பாருங்கள்’ என்பது அளவுள்ள பேச்சு. அதற்குமேல் ஒரு மணிநேரம் நீண்டால், சுமை இடம் மாறிவிடுகிறது. கிளை மூடப்படும் என்ற வதந்தி உலவும்போதும் இவ்வாறே. ‘எனக்கும் அச்சமாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவது ஊழியரைத் தவிக்கவிடும். ‘முடிவு எனக்குத் தெரியாது; வெள்ளிக்கிழமை தலைமையகத்தில் கேட்கிறேன்; கேட்டதைச் சனிக்கிழமை காலையில் சொல்கிறேன்’ என்றால், அவர்கள் இரண்டு நாளேனும் வேலையைக் கவனிப்பார்கள்.

மேலதிகாரி ஒப்புக்கொண்டால் கீழுள்ளவரும் ஒப்புக்கொள்ளத் தொடங்குவர். அதன்பின் அவர் செய்வதுதான் உண்மையான சோதனை. அரசு ஊழியரைப்பற்றி ஆண்டுதோறும் எழுதப்பட்ட இரகசிய அறிக்கையை நம்மவர் நன்கு அறிவர். அதிலுள்ள ஒவ்வொரு குறிப்பும் உரியவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மத்திய அரசு அதன் பெயரை மாற்றி, முழுவதையும் ஊழியருக்குக் காட்ட ஆணையிட்டது. எழுதுவது யார் என்பது மாறவில்லை. ஜூன் மாதக் கூட்டத்தில் ஓர் எழுத்தர் தாமாக முன்வந்து சொன்ன பிழையை, ஆண்டு முடிவில் அவருடைய குறைகளின் பட்டியலில் அதிகாரி எழுதினால், செய்தி அந்தப் பிரிவு முழுவதும் ஒரே நாளில் பரவும். பிறகு எத்தனை முறை ‘தயங்காமல் சொல்லுங்கள்’ என்று கேட்டாலும், ‘எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, ஐயா’ என்ற விடைதான் அவருக்குக் கிடைக்கும்.