நீலத்தொட்டியில் நின்றவர்கள்



நாகப்பட்டினம் அவுரித்திடலில் ஒருமுறையாவது நின்று முழக்கமிடாத இயக்கத்தோழர் டெல்டாவில் குறைவு. ஆர்ப்பாட்டம், உண்ணாவிரதம், கண்டனக்கூட்டம் எல்லாவற்றுக்கும் அந்தத் திடல்தான். அதன் பெயரில் உள்ள அவுரியைப் பற்றி நாம் பேசிக்கொண்டதில்லை. இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவுக்குச் செடிச்சாயம் என்ற பொருளை எடுத்தபோது, "இலக்கிய மேடையில் ஜவுளிக்கடைப் பேச்சா?" என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஜவுளிக்கடை பேசாமல் விட்டதை நாம் பேச வேண்டியிருக்கிறது என்பது நம் பதில்.

நகரங்களில் நடக்கும் கைத்தறிக் கண்காட்சிகளுக்குப் போனால் இயற்கைச் சாயமிட்ட சேலைகளைத் தனியாக அடுக்கி வைத்திருப்பார்கள். விலை நம் கைக்கு எட்டாது. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கும். அவுரி, மஞ்சள், கடுக்காய், மாதுளை ஓடு என்று செடிகளின் பெயர் இருக்கும். வடிவமைத்தவர் பெயர் இருக்கும். நல்ல கடையாக இருந்தால் நெய்தவர் பெயரும் இருக்கும். செடிக்கும் தறிக்கும் இடையில் ஆளே இல்லாததுபோல இருக்கும். இலை தானாகத் தண்ணீரில் விழுந்து தானாகவே நீலமாகிவிட்டதா?

அவுரி இலையைக் கசக்கிப் பாருங்கள், நீலம் வராது. (தூத்துக்குடிப் பக்கத்துத் தோழர்கள் அவுரி என்றதும் பேதிக்குக் கொடுக்கும் நிலாவாரையை நினைப்பார்கள். நாம் பேசுவது நீலி என்று இன்னொரு பெயர் கொண்ட அவுரி. நீலிக்கண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) இலையில் இருப்பது நிறமற்ற ஒரு பொருள். தழையைத் தொட்டியில் அடுக்கி, மேலே சட்டம் வைத்து அழுத்தி, தண்ணீர் விட்டு ஊறவைக்கிறார்கள். ஊறி நொதிக்கும்போது எழும் வாடை லேசில் மறக்காது. பிறகு தழையை நிறுத்திவிட்டுச் சாற்றை மட்டும் கீழ்த்தொட்டிக்கு இறக்குவார்கள். அப்போதும் அது பச்சையும் மஞ்சளுமான கலங்கல்தான். அதில் காற்றுக் கலக்க வேண்டும். காற்றுப் பட்டால்தான் நீலம் பிரியும். காற்றைக் கலக்குவது யார்? ஆட்கள் வரிசையாகத் தொட்டிக்குள் இறங்கித் துடுப்பால் அடிக்க வேண்டும், அல்லது காலால் உதைக்க வேண்டும். அதுவும் மணிக்கணக்கில். நுரை பச்சையாக எழும்பி, நீலமாக மாறி, பின் அடங்கும். சுண்ணாம்புத் தெளிநீர் விடும் இடங்களில் அதன் பிறகே விடுவார்கள். நீலம் அடியில் வண்டலாகத் தங்கும். மேல்நீரை வடித்து, வண்டலைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அச்சில் அழுத்தி, கட்டிகளாக அறுத்துக் காயவைத்தால் நீலக்கட்டி. சாறு இறங்கிய சக்கைத்தழை நெல்வயலுக்கு எருவாகப் போகும்.

தொட்டியில் இறங்கிய கால்கள் யாருடையவை? தென்னார்க்காடு சென்னை மாகாணத்தின் பெரிய அவுரி மாவட்டங்களில் ஒன்று. அங்கே நிலத்தில் கூலியாகவும் பண்ணையாளாகவும் உழைத்தவர்களில் பெரும்பகுதி பறையர் என்பதைக் காலனி அரசின் ஆவணங்களே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதே ஆவணங்கள் அவுரிக்கு ஏக்கர் கணக்கும் ஏற்றுமதிக் கணக்கும் விரிவாகத் தருகின்றன. தொட்டி அடித்தவரைப் பற்றி எழுத வரும்போது 'கூலிகள்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கின்றன.

சாத்திரமும் இங்கே தன் வேலையைச் செய்திருக்கிறது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், 89ஆம் சுலோகம், பிழைப்புக்கு வழியில்லாமல் வணிகம் செய்ய நேர்ந்த பார்ப்பனர் எவற்றை விற்கக்கூடாது என்று ஒரு பட்டியல் போடுகிறது. கள், அவுரி நீலம், அரக்கு மூன்றும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. நீலத்தை விற்பதே தீட்டு என்றால் அதற்குள் இடுப்பளவு நிற்பதை என்னவென்பது? தீட்டு தொட்டியோடு நின்றுவிட்டது, பணப்பெட்டி வரை போகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாண்டிச்சேரியில் சாயமிட்ட நீலத்துணி கினே என்ற பெயரில் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போனது. செனகல் ஆற்றங்கரைப் பிசின் வணிகத்தில் அது பணமாகவே புழங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரிய இடம் உண்டு. சோழமண்டலக் கரையில் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தவர்கள் வாழ்ந்த காலத்திலேயே இங்கிருந்து போன துணி அங்கே இன்னொரு மனிதரின் விலையாகியிருக்கிறது. இந்தச் செய்தியை முதன்முதலாகப் படித்தபோது எங்கள் வாசிப்பு வட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சம்பாரண் நமக்குத் தெரியும். 1917இல் காந்தி போனதால் பாடப்புத்தகத்துக்கு வந்துவிட்டது. தென்னார்க்காட்டுத் தொட்டிகளுக்கு அப்படி யாரும் போகவில்லை. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் ஆலையில் செய்த நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் அவுரி சரிந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மன் சரக்கு வராதபோது சில ஆண்டுகள் தலைதூக்கி மறுபடி விழுந்தது. வயல்களில் மணிலாக்கொட்டை ஏறியது. நம்மவர் அவுரி அறுத்த கையால் மணிலா பிடுங்கினார்கள்.

இன்று இயற்கைச் சாயத்துக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்த பிறகு விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் தொட்டிகள் மீண்டும் ஓடுகின்றன. இந்தப் பேச்சுக்காக நாங்கள் நான்கு பேர் ஒரு தொட்டிக்குப் போயிருந்தோம். உரிமையாளர் செடியைப் பற்றி ஆர்வமாகப் பேசினார். கூலி எவ்வளவு என்று கேட்டதும் பேச்சை மாற்றினார். வெளியே டீக்கடையில் வேலையாள் ஒருவர் தன் கால் நகங்களைக் காட்டினார். ஓரமெல்லாம் நீலம். "எத்தினி தேய்ச்சாலும் போவாதுங்க. கல்யாணத்துக்குப் போனா பந்தியில காலை உள்ள இழுத்துக்குவேன்" என்றார். மேலே ஏதும் சொல்லாமல் டீயைக் குடித்து முடித்தார்.

அந்தச் சொல்லை நாங்கள் கொண்டுவந்திருக்கிறோம். நீலம் நம் கொடியின் நிறம். 1942இல் அம்பேத்கர் நாக்பூரில் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடியும் நீலம்தான். கையில் அதை உயர்த்திப் பிடிக்கிற நாம், அதே நிறம் ஒட்டிய காலைப் பந்தியில் ஒளித்துக்கொள்ளும் ஒருவரை இதுவரை நம் கதைகளில் எழுதவில்லை.

நீலத்தோடு முடிகிற விஷயமல்ல இது. பழைய துணிகளின் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. நாட்டு மருத்துவத்தில் இம்பூரல் என்று சொல்லும் சிறு பூண்டின் வேர் அது. படிகாரம் ஏற்றிய துணியில் அந்த வேர்ச்சாறு சிவப்பாகப் பிடிக்கும். கடற்கரை மணலில் தானாக முளைத்ததன் வேர், பயிரிட்டதைவிட உசத்தி என்பார்கள். நூல்போல மெலிந்து மணலுக்குள் நீண்டு போகும். சாயம் இருப்பது வேரின் தோலில் என்பதால் அறுந்துவிடாமல், தோல் உரியாமல் எடுக்க வேண்டும். யாழ்ப்பாணம், மன்னார் பகுதிகளில் இதைத் தோண்டியவர்களுக்கு வேர்குத்திகள் என்று பெயர். வேர்குத்திப் பறையர் என்று சாதிப்பெயராகவே பதிவாகியிருக்கிறது. டச்சுக்காரர்கள் சாயவேரைத் தங்கள் தனியுரிமையாக வைத்துக்கொண்டு, தோண்டுவதைக் கட்டாய ஊழியமாக்கினார்கள். வெயிலில் மணலைக் குத்தியவருக்குத் துணியில் பங்கில்லை. வேலையின் பெயர் மட்டும் சாதியாக ஒட்டிக்கொண்டது. 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மானும் செஞ்சாயப் பொருளான அலிசரினை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டினார்கள். நாளடைவில் வேருக்குத் தேவை குறைந்தது. சாதிப்பெயர் போகவில்லை.

மதுரைச் சிவப்புக்குப் பெயர் வாங்கியவர்கள் சௌராட்டிரச் சாயக்காரர்கள். அவர்களின் கைத்திறனை நாம் குறைத்துப் பேசவில்லை. தாழியில் எப்போது நூலை இறக்குவது, எத்தனை முறை தோய்ப்பது, எந்தத் தண்ணீரில் அலசுவது என்பது தலைமுறை அறிவு. வேரைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அப்படிப்பட்ட அறிவுதான் என்று சொல்கிறோம். ஒன்றைக் கலை என்றும் மற்றதைக் கூலி வேலை என்றும் பிரித்தது சாயம் அல்ல.

இன்னொரு செடிச்சாயத்தைக் கண்காட்சிகளில் பார்க்க முடியாது. சேங்கொட்டை. ஊரார் துணி ஒன்றோடொன்று மாறாமலிருக்க வண்ணார் இடும் குறி அதன் பாலால் ஆனது. கொட்டையை ஊசியால் குத்தி, கசியும் பாலைத் துணி ஓரத்தில் வைத்து, மேலே சுண்ணாம்பு தொட்டால் கருத்துவிடும். எந்த வெள்ளாவியிலும் போகாது. பால் தோலில் பட்டால் கொப்புளித்துப் புண்ணாகும். வீட்டுக்கு வீடு வேறு குறி. புள்ளி, கோடு, பிறை, சிலுவை என்று எழுத்தறியாதவர்கள் என்று ஊர் சொன்னவர்கள் ஊர் முழுவதையும் நினைவில் வைத்திருந்த எழுத்து அது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது புதிரை வண்ணார் வாழ்க்கை தமிழ் நாவலுக்குள் நுழைந்தது. அந்தக் குறிகளின் அகராதி ஒன்றை யாராவது தொகுத்தால் நம் இலக்கியத்துக்கு அது பெரிய கொடை.

இயற்கைச் சாயம் நல்லது, ஆலைச்சாயம் கெட்டது என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு நமக்குச் சின்ன வழக்கு உண்டு. நொய்யல் செத்ததை நாம் பார்த்தோம். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்கு அது போனது. அந்த நஞ்சை நாம் ஆதரிக்கவில்லை. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு துணி குற்றமற்றதாகிவிடாது என்கிறோம். தொட்டிக்குள் நிற்பவருக்கு முழங்கால்வரை காலணி உண்டா, சம்பளம் என்ன, அவர் பிள்ளையும் அதே தொட்டிக்குத்தான் வர வேண்டுமா என்று கேட்ட பிறகு விலை பேசலாம். அட்டையில் அவர் பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்கலாம். அதற்குப் பத்து பைசா கூடச் செலவில்லை.

நம் மன்றம் இந்த ஆண்டு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தொட்டி வேலை தெரிந்தவர்களிடம் சொற்களைத் திரட்ட முடிவு செய்திருக்கிறது. நுரையின் ஒவ்வொரு நிலைக்கும் அவர்களிடம் என்ன பெயர் இருக்கிறது, உதைக்கும்போது யார் பாட்டெடுப்பார், உதைத்தது போதும் என்று எதைப் பார்த்துச் சொல்வார்கள், காலில் ஏறிய நீலத்தைக் கழற்ற வீட்டில் என்ன தேய்ப்பார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். உங்கள் குடும்பத்தில் தொட்டியில் இறங்கியவரோ வேர் தோண்டியவரோ குறி வைத்தவரோ இருந்தால், கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் ஊர்ப்பெயரை எழுதிவிட்டுப் போங்கள். நாங்கள் வருகிறோம்.