மொட்டை மாடிக்கு ஒரு கைப்பிடிச் சுவர்

வானொலி மறையுரை
வாசகம்: இணைச்சட்டம் 22:8



இணைச்சட்ட நூலின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் ஒரு சிறிய சட்டம் உண்டு. ஞாயிறு வாசகங்களில் அது நம் காதில் விழுவதில்லை. அதனால் பலரும் அதைக் கவனித்திருக்க மாட்டோம். புது வீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு, அங்கிருந்து ஒருவர் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. அந்தக் காலத்து இஸ்ரயேலரின் வீடுகளுக்கும் நம் ஊர் வீடுகளைப்போலத் தட்டையான கூரைதான். எரிகோவில் இராகாபு சணல் தட்டைகளைக் காயப்போட்டதும், மாலைவேளையில் தாவீது உலாவியதும் அப்படிப்பட்ட மாடியில்தான். வடகம் காயவைப்பதும், கோடையில் பாய் விரித்துப் படுப்பதும், பிள்ளைகள் பட்டம் விடுவதும் மொட்டை மாடியில்தான் என்று பழகிய நமக்கு இதற்கு விளக்கவுரையே வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனிப்போம். யாராவது விழட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இந்தச் சட்டம் காத்திருக்கவில்லை. விழுவதற்கு முன்பே சுவரைக் கேட்கிறது. "என் வீடு, என் மாடி, எனக்குத் தெரியாதா?" என்று வீட்டுக்காரர் சொல்ல முடியாது. வீடு அவருடையதுதான். விழப்போகும் உயிர் அவருடையது அல்ல.

வண்டி ஓட்டிக்கொண்டே கைபேசியில் செய்தி அனுப்புவதைச் சட்டம் தடுக்கலாமா, தடுப்பது சரிதானா என்ற கேள்வியை இன்று இந்த வாசகத்தின் வெளிச்சத்தில் சிந்திக்க விரும்புகிறோம். "அதுதான் ஏற்கெனவே தடுத்துவிட்டார்களே" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு ஆபத்தான முறையில் வண்டி ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. 2019-இல் செய்த திருத்தம், வண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையில் எடுத்துப் பயன்படுத்துவதும் அதில் அடங்கும் என்று வெளிப்படையாகச் சொன்னது. முதல் முறை பிடிபட்டால் ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய்வரை அபராதம். சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடியும் செய்தால் பத்தாயிரம். வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில், கைபேசியைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் விதி இருக்கிறது.

இப்படி வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய தேவையும் இருந்தது. 2018-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. வண்டி ஓட்டும்போது கைபேசியில் பேசினார் என்று ஒருவர்மேல் காவல்துறைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டிருந்தார்கள். பொதுமக்களுக்கு ஆபத்து விளைவித்தார் என்று காட்டாமல், பேசினார் என்பதற்காக மட்டும் அந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்ட முடியாது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இருக்கிற சட்டத்தைத்தானே நீதிமன்றம் வாசிக்க முடியும்? எழுதப்படாத சுவரை அது கட்டிக்கொடுக்க முடியாது.

சட்டம் வந்துவிட்டது. நம் மனம் இன்னும் வரவில்லை. தலைக்கவசத்துக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு போகிறவர்களையும், கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்துத் தோளில் போனை இடுக்கிக்கொண்டு போகிறவர்களையும் நாள்தோறும் பார்க்கிறோம். அன்பியக் குழுவில் வரும் காலைச் செபத்தை ஓடும் வண்டியிலேயே திறந்து, "ஆமென்" என்று பதில் போடுகிற பக்தர்களும் நம்மிடையே உண்டு. அந்த ஆமென் விண்ணகத்துக்கு அவசரமாகத் தேவைப்படுவதில்லை.

இவர்களிடம் பேசினால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, பிறகு எதற்கு அபராதம்? எல்லாம் வசூல்தான்." சாலையோரத்தில் மடக்கிப் பணம் பறிக்கப்பட்ட அனுபவம் சிலருக்கு இருக்கலாம். அது தனிப் பாவம். அதைச் செய்கிறவர்கள் கடவுளுக்குக் கணக்குக் கொடுப்பார்கள். ஆனால் "ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம், மாடியில் சுவர் கட்டாதவர் "இன்னும் யாரும் விழவில்லையே" என்று சொல்வதற்குச் சமம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. வந்த செய்தியை வாசித்து இரண்டு சொல் பதில் போட ஐந்து நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 80 மீட்டருக்கும் மேல். நடுத்தரமான ஒரு கோவிலின் வாசலிலிருந்து பீடம்வரை உள்ள நீளத்தைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அவ்வளவு தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுங்கள் என்றால் யார் ஓட்டுவார்? கைபேசியோடு ஓட்டுகிறவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று உலக நலவாழ்வு நிறுவனம் சொல்கிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 17,884 பேர் நம் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். கைபேசியால் இறந்தவர்கள் என்று அரசுக் கணக்கில் பதிவானவர்கள் நாடு முழுவதும் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஆனால் மோதிய கணத்தில் கையில் போன் இருந்ததை யார் முன்வந்து சொல்வார்கள்?

ஒரு கிராமப் பங்கில் நடந்தது. விடியற்காலைத் திருப்பலி முடித்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சாலையோரமாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார் ஒரு பாட்டி. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவன் இருபது வயதுப் பையன். குடித்திருக்கவில்லை. வேகமாகவும் வரவில்லை. நண்பன் "எங்க இருக்க?" என்று கேட்டிருந்தான், "வந்துட்டே" என்பதுவரை இவன் தட்டியிருந்தான். பாட்டியின் அடக்கச் சடங்கு முடிந்து மூன்றாம் நாள், அந்தப் பையனின் தாய் பங்குத்தந்தையைத் தேடி வந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சாமி, இது விபத்தா, பாவமா? எல்லாரும் விபத்துன்னுதான் சொல்றாங்க. அவன் மட்டும் சாப்பிட மாட்டேங்கிறான்."

அந்தக் கேள்விக்கு விவிலியம் நேராகவே பதில் வைத்திருக்கிறது. இணைச்சட்டம் பத்தொன்பதாம் அதிகாரத்தில் இருவர் காட்டுக்கு விறகு வெட்டப் போகிறார்கள். ஒருவர் ஓங்கும்போது கோடரி காம்பிலிருந்து கழன்று அடுத்தவர்மேல் பட்டு, அவர் இறந்துவிடுகிறார். இது விபத்து. வெட்டியவர் அடைக்கல நகருக்கு ஓடிப் பிழைக்கலாம். விடுதலைப் பயணம் இருபத்தொன்றாம் அதிகாரத்தில் வேறொரு நிகழ்வு. ஒரு மாடு முட்டி ஆளைக் கொன்றுவிடுகிறது. மாடு இதுவரை சாதுவாக இருந்திருந்தால் சொந்தக்காரர்மேல் குற்றம் இல்லை. ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்பே எச்சரித்தும் அவர் கட்டிவைக்கவில்லை என்றால், அவரும் குற்றவாளி. அவர் கொல்ல நினைத்தாரா என்று சட்டம் கேட்கவில்லை. தெரிந்திருந்ததா, தெரிந்தும் அவிழ்த்து விட்டாரா என்றுதான் கேட்கிறது.

ஓடும் வண்டியில் கைபேசி முட்டுகிற மாடு. நமக்கு எச்சரிக்கை சொல்லி வெகுநாள் ஆயிற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தூய தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் இதே கேள்வியை எடுத்து ஆராய்கிறார். நினையாமல் நடந்த கொலையில் ஒருவருக்குக் குற்றம் உண்டா? எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்காமல் விட்டவருக்கு உண்டு என்பது அவர் முடிவு. ஐந்தாம் கட்டளையைக் கத்தியோடும் துப்பாக்கியோடும் மட்டும் சேர்த்துப் பார்த்து, "நாம் யாரையும் கொல்லவில்லை" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். தக்க காரணமின்றி ஒருவரைச் சாவின் ஆபத்துக்கு உள்ளாக்குவதும் அந்தக் கட்டளைக்கு எதிரானது என்றே கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி போதிக்கிறது. குடிபோதையாலோ வேகத்தின்மேல் உள்ள மோகத்தாலோ சாலையில் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குகிறவர்கள் கனமான குற்றத்துக்கு ஆளாகிறார்கள் என்று அதன் 2290-ஆம் எண் சொல்கிறது. அந்த ஏடு வெளிவந்தது 1992-இல். கைபேசி நம் சட்டைப்பைக்கு வருவதற்கு முன்பு. இன்று எழுதினால் போதைக்கும் வேகத்துக்கும் பக்கத்தில் மூன்றாவதாக எதைச் சேர்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய இறையியல் படிப்பு வேண்டாம்.

அந்தத் தாய்க்குக் கிடைத்த பதிலையும் சொல்ல வேண்டும். "இது பாவம்தான், அம்மா. அதனால்தான் அவனுக்கு வழி இருக்கிறது." கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் வெறும் விபத்து என்றால் மன்னிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. ஊர் முழுக்க "உன்மேல் தப்பில்லை" என்று சொன்னாலும் உள்ளே தெரிகிறதே, அந்தப் பாரத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது? பாவம் என்று பெயர் சொன்ன பிறகுதான் ஒப்புரவு அருட்சாதனத்தின் கதவு திறக்கிறது. அந்தப் பையன் வந்தான். பாட்டியின் வீட்டுக்கும் போனான். அங்கே என்ன பேசினார்கள் என்பது அந்த இரண்டு வீட்டாருக்கும் உரியது. சட்டப்படி வழக்கும் நடந்தது. மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்பதற்காக அது நடக்காமல் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

பாவமான எல்லாவற்றையும் சட்டம் தடுக்க வேண்டுமா என்றும் கேட்கலாம். வேண்டாம் என்று அதே தோமா அக்குவினாவே சொல்கிறார். மனிதர் இயற்றும் சட்டம் எல்லாத் தீமைகளையும் துரத்திப் பிடிக்கத் தேவையில்லை. பெரிய தீமைகளை, முக்கியமாகப் பிறருக்குக் கேடு செய்கிறவற்றை, தடுத்தால் போதும். பொறாமைப்படுகிறவருக்கு அபராதம் போட முடியாது. சாப்பாட்டு மேசையில் மனைவி பேசுவதைக் கேட்காமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிற கணவரையும் போக்குவரத்துக் காவலர் பிடிக்க முடியாது. பிடித்தால் நன்றாக இருக்கும் என்று சில சகோதரிகள் நினைப்பது புரிகிறது. ஆனால் ஓடும் வண்டியில் அந்தப் போன் வழியில் போகிற யாரோ ஒருவரைக் கொல்லும். சட்டம் நுழைய வேண்டிய இடம் அது.

நுழைந்த சட்டம் காவலர் நிற்கும் முனையில் மட்டும் நம்மைக் கட்டுவதில்லை. நீதியான சட்டம் மனச்சான்றையும் கட்டும். உடல்நலத்தைக் காக்கும் விதிகளையும் வண்டிகளின் வேகத்தை வரையறுக்கும் விதிகளையும் பொருட்படுத்தாமல், அதனால் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்தில் தள்ளுகிறவர்களை இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965-இல், "இன்றைய உலகில் திருச்சபை" என்ற ஏட்டில் கண்டித்திருக்கிறது. உலகின் ஆயர்கள் கூடியிருந்த பொதுச்சங்கத்துக்குச் சாலை விதி சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இந்தச் சட்டத்தில் நமக்கு ஒரு குறையும் தெரிகிறது. அது கையில் போன் வைத்திருப்பவரை மட்டும் பார்க்கிறது. வீட்டுக்கு உணவு கொண்டுவரும் தம்பியை நினைத்துப் பார்ப்போம். ஆர்டர் வந்தால் உடனே ஏற்க வேண்டும். இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். பாதி வழியில் வாடிக்கையாளர் கூப்பிடுகிறார், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று. எடுக்காவிட்டால் நட்சத்திரம் குறையும். எடுத்தால் அபராதம், அவருடைய ஒருநாள் கூலியையும் தாண்டிவிடக்கூடிய அபராதம். தண்டனை அவருக்கு. அவசரப்படுத்தியவர் வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுநரைக் கூப்பிட்டு "எங்கே வந்துகிட்டு இருக்கே?" என்று நிமிடத்துக்கு நிமிடம் கேட்கும் முதலாளியும் அப்படித்தான். இந்தச் சங்கிலியில் நிறுவனங்களுக்கும் பொறுப்பு வைக்கும் வகையில் சட்டம் இன்னும் வளர வேண்டும் என்பது நம் கருத்து. முட்டுகிற மாட்டை அவிழ்த்து விடும் கை எப்போதும் ஓட்டுகிறவருடையதாகவே இருப்பதில்லை.

பெரும்பாலான நேரம் அது நம் வீட்டுக் கைதான். வண்டியில் போகிறவரை அழைப்பவர் யார்? மனைவி, கணவர், அம்மா, பிள்ளைகள். அன்பினால்தான் அழைக்கிறோம். பத்திரமாகப் போகிறாரா என்று கேட்பதற்காக அழைத்து, அந்த அழைப்பினாலேயே அவருடைய கண்ணைச் சாலையிலிருந்து எடுத்துவிடுகிறோம். எடுத்தவுடன் "வண்டியிலயா இருக்கீங்க?" என்று கேட்டு, ஆமாம் என்றால் அப்போதே வைத்துவிடும் வழக்கத்தை இன்று மாலையே தொடங்கலாம். பதில் வரவில்லை என்றால், கோபித்துக்கொள்ளாமல், ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம்.

புது வண்டி வாங்கியவுடன் மாலை போட்டு, மாதா படம் ஒட்டி, கண்ணாடியில் செபமாலை தொங்கவிட்டு, மந்திரிக்கக் கோவிலுக்குக் கொண்டுவருகிறோம். நல்ல வழக்கம். தீர்த்தம் தெளிக்கும் முன் வண்டிக்குச் சொந்தக்காரர் தம் கைபேசியை எடுத்து இருக்கைக்கு அடியிலோ பெட்டியிலோ வைத்துப் பூட்டிக் காட்டட்டும் என்று பங்குத்தந்தையர்கள் கேட்கலாம். வீட்டுக்குப் போகிற முதல் பயணமாவது அப்படி இருக்கும்.

இன்னொரு வேண்டுகோள். ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறும். அதற்கு முன்பே பல ஊர்களிலிருந்து நடைப்பயணிகள் காவி உடுத்தி, சிறு தேரை இழுத்துக்கொண்டு, இரவிலும் சாலையோரமாக நடப்பார்கள். குழுவோடு ஒரு வேனும் போகும். எங்கே சாப்பாடு, யார் பின்தங்கிவிட்டார், யாருக்குக் கால் கொப்பளம் என்று எல்லாரும் அந்த வேன் ஓட்டுநரைத்தான் அழைக்கிறார்கள். இந்த ஆண்டு பயணக் குழுக்கள் பெயர்ப் பட்டியல் எடுக்கும்போதே, அழைப்புகளை எடுக்க ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காரும் ஒருவரைத் தனியாக நியமித்து, அவருடைய எண்ணை மட்டும் எல்லாருக்கும் கொடுங்கள். கடைசி வரிசையில் நடப்பவர்கள் முதுகில் ஒளிரும் பட்டை கட்டிக்கொள்ளுங்கள்.

வழிப்போக்கர்களின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபர் நமக்காக வேண்டிக்கொள்வாராக. தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்.