வைக்கோல் கட்டுகளை வெட்டவெளியில் சேமிப்பது எப்படி?

(உழவர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் காவிரிப் பாசனப் பகுதியில் வயலுக்கு வயல் உருளை உருளையாக வைக்கோல் கட்டுகள் கிடப்பதைப் பார்க்கிறோம். அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோலை வாரிப் போர் போட ஆள் கிடைப்பதில்லை. டிராக்டரில் பூட்டிய கட்டும் இயந்திரம் அந்த வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் தையில் கட்டிய வைக்கோல் கோடை மழையையும், ஐப்பசி கார்த்திகை அடைமழையையும் தாண்டி அடுத்த தை வரை மாட்டுக்குத் தீனியாக இருக்க வேண்டும். பழைய போர் அப்படி இருந்தது. கட்டு இருப்பதில்லை. காரணம் தெரிந்தால் பரிகாரம் எளிது.

கைதேர்ந்த ஆள் போர் போடும்போது நடுவை எப்போதும் உயர்த்திக்கொண்டே போவார். தாள்கள் வெளிப்புறம் சரிந்து நிற்கும். விழும் மழை தாளோடு தாளாக வழிந்து ஓரத்தில் சொட்டிவிடும். மேல் அடுக்கு மட்டும் நனைந்து, வெயில் வந்ததும் காயும். தென் மாவட்டங்களில் இதைப் படப்பு என்பார்கள். பெயர் வேறு, முறை ஒன்று. போர் தனக்குத் தானே கூரை போட்டுக்கொள்கிறது. கட்டில் அந்தச் சரிவு கிடையாது. மேலும் இயந்திரத்தில் அடிபட்ட தாள் நசுங்கி உடைந்திருப்பதால் நீரை விரைவில் குடிக்கும். இறுகச் சுருட்டியிருப்பதால் குடித்த நீர் எளிதில் வெளியேறாது.

வெளிநாடுகளில் கட்டுகளை வெட்டவெளியில் அப்படியே போட்டு வைத்திருக்கும் படங்களைச் சிலர் பார்த்திருப்பீர்கள். "அங்கே கெடவில்லையே?" என்று கேட்கலாம். அங்குள்ள பெரிய உருளைக் கட்டின் குறுக்களவு 150 செ.மீ. வரை இருக்கும். நம் பகுதியில் ஓடும் சிறு இயந்திரங்களின் கட்டு ஏறத்தாழ 60 செ.மீ.தான். பெரிய கட்டில் சுற்றிலும் 5 செ.மீ. கெட்டால் நூற்றுக்கு 13 பங்கு நட்டம். நம் கட்டில் அதே 5 செ.மீ. கெட்டால் நூற்றுக்கு 30 பங்கு போய்விடும்! 10 செ.மீ. கெட்டால் பாதிக்கு மேல் குப்பைக்குழிக்குத்தான். 20 கிலோ எடையுள்ள 100 கட்டுகளில் 30 பங்கு என்றால் 600 கிலோ. நாளைக்கு 5 கிலோ தின்னும் ஒரு மாட்டுக்கு நான்கு மாதத் தீனி அது.

கெட்டதை மாடு எப்படியும் தின்றுவிடும் என்று எண்ணுவதும் தவறு. பூசணம் பிடித்த நெல் வைக்கோலைத் தின்னும் எருமைகளுக்கு வட இந்தியாவில் டெக்நாலா என்ற நோய் வருகிறது. வால் நுனியும் காதும் அழுகும். குளம்பு கழன்று போவதும் உண்டு. கறுத்த வைக்கோலையும், உதறினால் தூசி பறக்கும் வைக்கோலையும் எருக்குழியில் போடுங்கள். உதறும்போது மூக்கை மூடித் துணி கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி மனிதர் நுரையீரலுக்கும் ஆகாது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலாவது, ஈரத்தோடு கட்டக் கூடாது. இயந்திரம் அறுக்கும்போது தாள் பாதி பச்சையாக இருக்கும். இரண்டு மூன்று நாள் வெயிலில் விட்டு, ஒரு முறையாவது புரட்டிப் போடுங்கள். ஈரம் 15 சதவிகிதத்துக்கு மேல் இல்லாதிருப்பது நலம். ஒரு கைப்பிடி வைக்கோலை முறுக்கிப் பாருங்கள். மொரமொரவென்று ஒடிந்தால் கட்டலாம். துவண்டால் பொறுக்க வேண்டும். தை மாதத்துப் பனி வைக்கோலில் வெகுநேரம் நிற்கும். ஆகவே காலை பத்து பத்தரை மணிக்கு முன் இயந்திரத்தை வயலில் இறக்கவே வேண்டாம். கட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசி வருபவருக்கு அவசரம் இருக்கும். வைக்கோல் உங்களுடையது. குறுவை வைக்கோல் மழைக்காலத்தில் காயாது. அதைக் கட்டிச் சேமிக்க நினைக்காமல் உடனுக்குடன் தீனியாகப் போடுவதே சரி.

இரண்டாவது, தரை. மேலே விழும் மழையைப் பற்றிக் கவலைப்படுகிறோம். கீழிருந்து ஏறும் ஈரத்தை மறந்துவிடுகிறோம். மண்ணின்மேல் கிடக்கும் கட்டு விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் ஈரத்தை உறிஞ்சும். அடிப்பக்கத்தில் வெயிலும் படாது, காற்றும் புகாது. மேட்டுப் பாங்கான இடத்தில் ஓர் அடி உயரத்துக்கு மண் கொட்டிக் கெட்டித்து, சுற்றிலும் வாய்க்கால் எடுங்கள். அதன்மேல் பனை அல்லது தென்னை மரத் துண்டுகளைப் பரப்பிக் குறுக்கே கழிகளை அடுக்குங்கள். அடியில் காற்று ஓட வேண்டும். மரத்தடி வேண்டாம், மழை நின்ற பிறகும் இலை சொட்டிக்கொண்டே இருக்கும். மின்கம்பி செல்லும் இடமும், அடுப்புப் பொறி பறந்து வரும் தூரமும் ஆகாது.

மூன்றாவது, அடுக்கும் முறை. கட்டை நிறுத்தி வைத்தால் சுருளின் இடுக்குகள் வழியே மழை நேராக உள்ளே இறங்கும். விறகுக் கட்டை போலப் படுக்க வைக்க வேண்டும். அடியில் நான்கு, அதன்மேல் மூன்று, பிறகு இரண்டு, உச்சியில் ஒன்று. இப்படிப் பத்துக் கட்டுகள் ஒரு வரிசை. ஒரு வரிசையின் தட்டை முகத்தோடு அடுத்த வரிசையின் முகத்தை ஒட்டிக்கொண்டே போனால் பத்து வரிசையில் 100 கட்டுகள் அடங்கும். அகலம் 8 அடி, நீளம் 30 அடிக்குச் சற்று மேல். மேடை 10 அடிக்கு 34 அடி இருக்கட்டும். அடிக் கட்டுகள் உருளாமல் இருபுறமும் முளை அடித்துவிடுங்கள். இப்போது பாருங்கள், இரு பக்கமும் நல்ல சரிவு கிடைத்துவிட்டது. பழைய போரின் உருவம்தான் இது.

ஆனால் சரிவு மட்டும் போதாது. கட்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் நீர் தங்கும். ஆகவே உதிரி வைக்கோலை அரையடி கனத்துக்குச் சரிவாகப் பரப்பிப் பள்ளங்களை மூடுங்கள், தென்னங்கீற்றும் ஆகும். அதன்மேல்தான் தார்ப்பாய். பாலிதீன் தாளை நேராகக் கட்டின்மேல் போட்டால் இரவில் அடிப்புறம் வியர்த்து, மழை பெய்யாமலே மேல் கட்டுகள் நனையும். உதிரி வைக்கோல் அந்த வியர்வையை வாங்கிக்கொள்ளும். 18 அடி அகலமுள்ள தார்ப்பாய் போதும். அதைத் தரைவரை இழுத்து மூடாமல், ஓரங்களைத் தாழ்வாரம் போல் வெளியே இழுத்து முளைகளில் கட்டுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த காற்றை நாகை, திருவாரூர்ப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண வாடைக்காற்றே தளர்ந்த தார்ப்பாயை ஒரே வாரத்தில் கிழித்துவிடும். கயிறுகளைக் குறுக்கே போட்டு இரு முனையிலும் மணல் மூட்டைகளைத் தொங்கவிடுங்கள். கடலோர ஊர்களில் பழைய மீன்வலை கிடைக்கும். அதை மேலே போர்த்திக் கட்டினால் இன்னும் நல்லது.

அடுக்கின் குறுகிய முகம் வடகிழக்கைப் பார்க்கட்டும். அடைமழைச் சாரல் நீண்ட பக்கத்தில் அடிக்காது. அந்த முகத்துக்கு மட்டும் ஒரு கீற்றுத் தட்டியை நிறுத்துங்கள். தீனிக்கு எடுக்கும்போது மறுமுனையான தென்மேற்கிலிருந்து ஒரு வரிசையை முழுதாக எடுத்து முடித்தபின் அடுத்ததைத் தொடுங்கள். மேலேயிருந்து எடுத்தால் கூரையைப் பிரித்ததாகும்.

அடுக்கிய முதல் மூன்று வாரம் அடிக்கடி கவனிக்க வேண்டும். ஓர் இரும்புக் கம்பியைக் கட்டின் நடுவில் செருகி அரை மணி கழித்து உருவிப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அச்சமில்லை. ஆனால் மறுநாளும் பாருங்கள். கையில் பிடிக்க முடியாதபடி சுட்டால் அந்த வரிசையை உடனே வெளியே இழுத்துப் பிரித்துக் காயப் போடுங்கள். உள்சூடு 70 டிகிரியைத் தாண்டினால் வைக்கோல் தானாகவே தீப்பற்றக் கூடும். அவ்வாறு இழுக்கும்போது புதுக் காற்றுப் பட்டதும் புகைந்து எரியலாம் என்பதால், அருகில் இரண்டு குடம் தண்ணீரும் ஒரு துணையாளும் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள்.